அமுக்கினா எரியணும்

சிகரெட்டில் சுவிட்ச் கிடையாது. என்னமோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். பதினைந்து வருஷம் தம் அடித்தவன், இனிமே விட்டே தீர்வது என்று கிளம்பியபோதுதான் எனக்கே இதன் அருமை தெரிந்தது.

கொல்கத்தாவில் பான் கடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? கடை ஓரத்தில் ஒரு நார்க்கயிறு தொங்கும். நுனியில் கங்கு. காலையில் பற்ற வைத்தால் ராத்திரி கடை மூடும் வரை மெதுவாகப் புகைந்துகொண்டே இருக்கும். சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு கயிற்றை எடுத்து ஒரு இழுப்பு, முடிந்தது. நம்ம ஊர்ப் பெட்டிக்கடையிலும் இதே கயிறு தொங்கிப் பார்த்திருக்கிறேன். சார்ஜ் போட வேண்டாம், அமுக்க வேண்டாம், பச்சை விளக்கு சிவப்பு விளக்கு எதுவும் வேண்டாம். அடைமழையில்கூட எரியும். இப்படி ஒரு நம்பகமான ஏற்பாட்டை விட்டுவிட்டு வரச்சொல்லி, பதிலுக்கு ஒரு சாமானைக் கையில் கொடுக்கிறார்கள் என்றால் அந்தச் சாமான் எப்படி இருக்கணும்? குறைந்தபட்சம் அமுக்கினா எரியணும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈ-சிகரெட்டுக்கு இந்தியா முழுக்கத் தடை. 2019 செப்டம்பர் 18-ம் தேதி நிதியமைச்சர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார், அவசரச் சட்டம் வந்தது, அந்த டிசம்பரிலேயே முழுச் சட்டம் ஆகிவிட்டது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைப்பது எல்லாமே குற்றம். தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு வருஷம் முன்னாலேயே, 2018 செப்டம்பரில் தடை போட்டுவிட்டார்கள். அதனால் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று யாரும் கேட்க வேண்டாம். உடம்புக்கு நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. நிகோடின் நிகோடின்தான். நான் சொல்வது 2016-லிருந்து 2019 வரை, கொல்கத்தாக் கிளை ஒன்றில் நான் வேலை பார்த்தபோது நடந்த சங்கதி. அப்போது அங்கே கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்தே விற்றார்கள்.

2016 துர்கா பூஜை முடிந்த கையோடு வாங்கினேன். கூடவே எங்கள் கிளையில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த அதிகாரி ஒருவரும் வாங்கினார். அவரை நாங்கள் எல்லாரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். (பம்பாயில் தாதா என்றால் ரவுடி, கொல்கத்தாவில் தாதா என்றால் அண்ணன். டிரான்ஸ்ஃபரில் போகிறவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முப்பது வருஷ ஸ்மோக்கர் அவர். ரெண்டு பேருக்கும் ஒரே மாடல், பேனா மாதிரி இருக்கும். ஆளுக்கு 1,400 ரூபாய். தங்கமணி கணக்குப் போட்டுப் பார்த்து, "ஒரு மாசத்துச் சிகரெட்டுக் காசுதானே, தாராளமா வாங்குங்க" என்று உடனே சாங்ஷன் கொடுத்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் எந்தச் செலவுக்கும் இவ்வளவு வேகமாக சாங்ஷன் வந்ததில்லை.

பேனாவின் அமைப்பு ரொம்ப எளிது. கீழ்ப் பாதி லித்தியம் பேட்டரி. மேல் பாதியில் திரவம் நிரப்பும் சின்னக் குப்பி, அதற்குள் ஒரு கம்பிச் சுருள். திரவம் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிகோடின். பட்டனை அமுக்கினால் சுருள் சூடாகும், திரவம் ஆவியாகும், இழுக்க வேண்டியது. 2003-ல் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் உருவாக்கியதிலிருந்துதான் இந்த வியாபாரமே ஆரம்பித்தது என்பார்கள். அதற்கு நாற்பது வருஷம் முன்னாடியே ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் புகையில்லாத சிகரெட் ஒன்றுக்கு மனுப்போட்டு, 1965-ல் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். அதை யாரும் சீண்டவில்லை.

ஐந்து தரம் வேகமாக அமுக்கினால் பேனா ஆன் ஆகும். மறுபடி ஐந்து தரம் அமுக்கினால் ஆஃப். சட்டைப்பையில் தானாக அமுங்கிச் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல யோசனைதான். ஆனால் எல்லாமே அந்த ஒரே ஒரு பட்டனை நம்பி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆன் பண்ண, ஆஃப் பண்ண, இழுக்க, பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, எல்லாத்துக்கும் அதுதான்.

முதல் ஆறு வாரம் ஜோராகப் போனது. அப்புறம் ஆரம்பித்தது. மூணு தரம்தான் அமுக்கியிருப்பேன், ஐந்து என்று எடுத்துக்கொண்டு அதுவே ஆஃப் ஆகிவிடும். சரி என்று ஐந்து தரம் அமுக்கினால் நாலுதான் என்று முறைக்கும். குளிர்காலத்தில் பட்டன் உள்ளே போனால் வெளியே வராது, நகத்தால் கிளப்பி விடணும். எனக்குப் பரவாயில்லை, தாதாவின் பேனா டிசம்பர் முதல் வாரத்திலேயே சுத்தமாகக் கண்ணை மூடிவிட்டது.

அது எப்பேர்ப்பட்ட டிசம்பர் என்று யோசித்துப் பாருங்கள். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. 10-ம் தேதி கிளை திறந்தபோது ஷட்டருக்கு வெளியே வரிசை அடுத்த தெருவுக்குத் திரும்பி நின்றது. அந்த ஐம்பது நாள் நாங்கள் பட்டதை எழுத வேறு ஒரு நாள் வேண்டும். நோட்டு எண்ணும் மெஷின் சூடாகி நிற்கும். பழைய நோட்டின் தூசி சென்சாரில் அடைத்து, கட்டை வைத்தாலும் ஓடாது, ஓடினால் எண்ணிக்கை தப்பும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி எண்ணணும். சாப்பிட நேரமில்லை, திட்டு வாங்க மட்டும் நேரம் இருந்தது. இந்த லட்சணத்தில் கடைக்குப் போய் பேனாவை மாற்றிக்கொண்டு வா என்றால் தாதா எங்கே போவார்? ஒரு நாள் சாயங்காலம் கீழே இறங்கினார். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு முறை வந்தது டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை. பழைய நோட்டை வங்கியில் கட்டக் கடைசி நாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம். அன்றைய மொத்தத்தை அன்றைக்கே மேலே அனுப்பியாகணும், கணக்கோ ஒரு கட்டு உதைக்கிறது. தலை வெடிக்கிற மாதிரி இருந்தது. பின்பக்க வராந்தாவுக்குப் போய் பேனாவை எடுத்து அமுக்கினேன். டிக் என்று சத்தம் வந்தது. விளக்கு வரவில்லை. மறுபடி. டிக். ஒன்றும் இல்லை.

இந்தக் கோளாறைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். பட்டன் உடைந்து கையோடு வந்தால்கூடப் பரவாயில்லை, போச்சு என்று தெரிந்துபோகும். டிக் என்ற அந்தச் சத்தம், "நான் நல்லாத்தான் இருக்கேன், வேற எங்கேயோ பிரச்சினை" என்று பொய் சொல்கிறது. பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். சுருளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சார்ஜரில் போட்டால் சார்ஜர் பச்சை விளக்கு காட்டுகிறது, அதாவது பேட்டரி நிறைந்திருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் தாதா தம்மை முடித்துக்கொண்டு மேலே வந்தார். என் கோலத்தைப் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, ஒன்றும் பேசாமல், மூடியைத் திறந்து நீட்டினார். அன்பாகத்தான் நீட்டினார். பதினோரு வாரம் தொடாமல் இருந்தவன் நான்.

வேண்டாம் தாதா என்றேன். சொல்லிவிட்டு ஏறக்குறைய இருபது நிமிஷம் அந்தப் பட்டனோடு மல்லுக்கட்டினேன். நடுவில் அமுக்கினால் வேலைக்கு ஆகாது, ஓரத்தில் அமுக்கிப் பார்ப்போம் என்று பால்பாயின்ட் பேனாவின் பின்பக்கத்தை வைத்து ஒவ்வொரு மூலையாகக் குத்தினேன். இடது கீழ் மூலையில் பலமாக அழுத்தினபோது விளக்கு மினுக்கென்று வந்தது. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டரை வரை அந்த மூலைதான் என்னைக் காப்பாற்றியது. உதைத்த கட்டும் கிடைத்தது. நூறு நோட்டுக்குப் பதில் தொண்ணூற்றொன்பது.

தாதா திரும்பி வரவே இல்லை. 2018-ல் ரிடையர் ஆகிற அன்றைக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தபோதும் சட்டைப்பையில் பாக்கெட் துருத்திக்கொண்டு இருந்தது. ஒரு தரம் கேட்டேன், "ஏன் தாதா, வேற ஒண்ணு வாங்கியிருக்கலாமே?" சிரித்தார். "விடணும்கிற வேகம் ஒரு தரம்தான் வரும்டா. அது வந்த நேரத்துல மெஷின் வேலை செய்யலை." வேறு யாராவது சொல்லியிருந்தால் சாக்குப்போக்கு என்று நினைத்திருப்பேன். ஆனால் அவர் அந்த ஐம்பது நாளில் ஏழு வாரத்துக்குக் கிட்ட தம் இல்லாமல் ஓட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

விற்ற கடையில் ஒரு கதை சொன்னார்கள். திரவம் உள்ளே போயிருக்கிறது, வாரன்டி கிடையாது. திரவம் ஊற்றி உபயோகிக்கிற சாமானுக்கு, திரவம் பட்டால் வாரன்டி இல்லை! தீயணைப்பு வண்டியில் தண்ணீர் பட்டுவிட்டது, அதனால் ரிப்பேர் செய்யமாட்டோம் என்கிற மாதிரி.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனேன். டெல்லிச் சாந்தினி சௌக் இல்லை, கொல்கத்தாவில் அதே பேரில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, அதை ஒட்டி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஆள் ஒருத்தர் ஒருக்களித்துத்தான் போகலாம் என்கிற சந்தில் ஒரு மேஜை, மேஜை மேல் சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி, ஒரு மனுஷர். என் பேனாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்க்ரூவே இல்லையே, இதை ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னே செஞ்சிருக்கான்" என்றார். அப்புறம் மேல்மூடியைச் சூடு பண்ணி இடுக்கியால் பிடித்து உருவி எடுத்தார்.

உள்ளே பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. 1,400 ரூபாய்ச் சாமானின் உயிர்நாடி, 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சதுரத்தில் நாலு காலோடு ஒரு குட்டி சுவிட்ச். டிவி, மானிட்டர், வாஷிங் மெஷின் என்று எதைத் திறந்தாலும் இருக்குமே, அதே சாதி. விலை ரெண்டு ரூபாய், பத்தாக வாங்கினால் இருபது.

அவர் ஒன்றைப் பிரித்தே காட்டினார். நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி மெல்லிய தகடு. அமுக்கினால் அந்தக் கிண்ணம் குழிந்து அடியில் இருக்கிற முனையைத் தொடும். கையை எடுத்தால் நிமிர்ந்துகொள்ளும். டிக் சத்தம் அந்தத் தகடு குழிகிற சத்தம். கவனியுங்கள், சத்தத்துக்கும் கரன்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தகடு குழிந்தால் சத்தம் வரும், நடுவில் ஒரு படலம் அழுக்கு இருந்தால் கரன்ட் போகாது. அன்றைக்கு ராத்திரி நான் கேட்ட பொய்யின் ரகசியம் இதுதான். இடது மூலையில் அழுத்தியபோது தகடு கோணலாகச் சாய்ந்து அழுக்கில்லாத இடத்தைத் தொட்டிருக்கிறது.

அழுக்கு எங்கிருந்து? குப்பியிலிருந்து கசிகிற திரவம்தான். கிளிசரின் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். கொல்கத்தா ஈரம் தெரியும்தானே, ஜூலையில் டப்பாவில் வைத்த முறுக்குகூட வாய்தா வாங்கிக்கொண்டு நமத்துப்போகும். அதோடு சட்டைப்பையின் நூல் தூசி. ரெண்டும் சேர்ந்தால் பசை. மேலே இருக்கிற பிளாஸ்டிக் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

மூணை ஐந்து என்று எண்ணியதற்கும் விளக்கம் வைத்திருந்தார். எந்த சுவிட்ச்சிலும் தகடு முனையைத் தொட்டதும் ஒரு தரத்தோடு நிற்காது, பந்து மாதிரி சில மில்லி செகண்ட் துள்ளும். உள்ளே இருக்கிற சிப் கொஞ்சம் பொறுத்திருந்து, துள்ளலை ஒதுக்கிவிட்டு, ஒரு அமுக்கு என்று எண்ணணும். சுவிட்ச் தேயத் தேயத் துள்ளல் நீளும், சிப் குழம்பிவிடும். நம்ம நோட்டு எண்ணும் மெஷின் ஒட்டின நோட்டை ஒன்றாக எண்ணுகிற கதையின் மறுபக்கம்.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? இந்த மாதிரி சுவிட்ச்சுக்கு ஆயுள் ஒரு லட்சம் அமுக்கு என்று போட்டிருப்பார்கள். நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட் பிடித்தவன். சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்றால் 120 அமுக்கு. ஒரு லட்சத்தை 120-ஆல் வகுத்தால் 833 நாள், ரெண்டே கால் வருஷம். என் பேனா செத்தது பதினோரு வாரத்தில், அதாவது சுமார் 9,240 அமுக்கில். எழுதிப்போட்ட ஆயுளில் பத்து சதவீதம்கூட இல்லை. புத்தகத்தில் தேய்மானம் போடும்போது ஒரு அசெட்டின் ஆயுளை அதன் விலையுயர்ந்த பாகத்தை வைத்துப் பார்ப்போம். இதற்கு ரெண்டு ரூபாய்ப் பாகத்தை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுவிட்ச் கம்பெனிக்காரனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த லட்சம் அமுக்கு என்பது காய்ந்த இடத்தில், நேர் மேலேயிருந்து, அளவான விசையில் அமுக்கினால். இங்கே கட்டைவிரல் ஒருக்களித்து அமுக்குகிறது, பக்கத்தில் சூடான சுருள், மேலே ஒழுகும் குப்பி. தண்ணீர் புகாதபடி மூடின ரகமும் மார்க்கெட்டில் உண்டு, கொஞ்சம் விலை கூட. சாந்தினிக்காரரே ஒன்றை எடுத்துக் காட்டினார். அதைப் போட்டிருந்தால் தயாரித்தவனுக்கு அதிகம் போனால் பத்துப் பதினைந்து ரூபாய் கூடியிருக்கும். ஆனால் அந்தக் காசு போனது வேறு இடத்தில். ஏழு வண்ணத்தில் உறை, மாம்பழ வாசனை, அன்னாசி வாசனை, அமுக்கினால் வைரம் மாதிரி மின்னுகிற நீல விளக்கு. வாங்குகிறவன் கடையில் நின்று பார்க்கிறது இதையெல்லாம்தானே. பதினோரு வாரம் கழித்து வராந்தாவில் நின்று படுகிறதை யார் பார்க்கிறார்கள்?

வீட்டுச் சுவரில் இருக்கிற விளக்கு சுவிட்ச்சுக்கு ஐ.எஸ். 3854 என்று தரம் இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குகிறோம். எங்கள் கேஷ் கவுன்டருக்குக் கீழே, காலால் அமுக்குகிற அலாரம் சுவிட்ச் ஒன்று இருக்கும். கொள்ளைக்காரன் வந்தால் அமுக்க. அதை அவ்வப்போது அமுக்கிப் பார்த்து, மணி அடித்ததா என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டே ஆகணும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் முதலில் கேட்பதே அந்த ரிஜிஸ்டரைத்தான். நான் உபயோகித்த எந்தப் பேனாவிலும் ஒரு முத்திரையும் இருந்ததில்லை. மருந்து என்று விற்றிருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர் பார்த்திருப்பார். விளையாட்டுச் சாமான் மாதிரி விற்றார்கள், அதனால் யாரும் பார்க்கவில்லை.

பட்டன்தானே தொல்லை, பட்டனே இல்லாத ரகம் இருக்கிறது என்றார்கள். அதையும் பார்த்துவிட்டேன். வாயில் வைத்து இழுத்தால் தானே எரியும். உள்ளே சின்ன மைக் மாதிரி ஒரு வட்டச் சாமான், அதில் மெல்லிய சவ்வு. இழுக்கும்போது காற்றழுத்தம் குறைந்து சவ்வு வளையும், அதை வைத்து நாம் இழுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். அருமையான ஏற்பாடு, சவ்வு காய்ந்திருக்கிற வரை. ஆவி குளிர்ந்து துளியாகி அதில் இறங்கினதும் ரெண்டில் ஒன்று நடக்கும். இழுத்து இழுத்து கன்னம் ஒட்டிப்போனாலும் எரியாது. இல்லாவிட்டால் இழுக்காமலேயே எரியும். எனக்கு ரெண்டாவது வாய்த்தது. ஒரு நாள் மெட்ரோவில் நின்றுகொண்டிருக்கும்போது சட்டைப்பை சுடுகிறது. எடுத்துப் பார்த்தால் முனை விளக்கு தானாக எரிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். எரியாத சுவிட்ச் எரிச்சல், தானாக எரிகிற சுவிட்ச் ஆபத்து. விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் இதை வைக்கக் கூடாது என்று 2015-லேயே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதி கொண்டுவந்ததற்கும் இதுதான் காரணம். பெட்டிக்குள் தானாகச் சூடாகித் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

டெல்லியில் இருந்த பழைய ரூம்மேட் ஒருத்தன் மூணாவது ரகத்தைக் கொண்டுவந்து காட்டினான். சிப்பே கிடையாது, பித்தளைக் குழாய், அடியில் ஸ்பிரிங் வைத்த பட்டன், சுத்தமான மெக்கானிக்கல். கெட்டுப்போக எதுவுமே இல்லை என்று பீற்றிக்கொண்டான். என் பேனாவில் குட்டி சுவிட்ச் சிப்புக்குத் தகவல் மட்டும்தான் சொல்லும், சுருளுக்குப் போகிற கரன்ட் அது வழியாகப் போகாது. இவனுடையதில் முழுக் கரன்ட்டும் அந்தப் பட்டன் வழியாகவே போகிறது. நிறைந்த பேட்டரி 4.2 வோல்ட், சுருள் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர். ஒவ்வொரு அமுக்கிலும் குட்டிப் பொறி, பொறிக்குப் பொறி கொஞ்சம் கரி. வாரத்துக்கு ஒரு தரம் உப்புத்தாளால் தேய்ப்பானாம். ஸ்பிரிங் சூட்டில் சோர்ந்து பட்டன் மேலே வராமல் நின்றால் நிறுத்துவதற்கு யாரும் இல்லை. ரெண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாமி விளக்கு மாதிரி அதைத் துலக்கிக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை.

ஆகக்கூடி திரும்பவும் அதே பேனா, சாந்தினியில் வாங்கின பத்து சுவிட்ச், 25 வாட் சால்டரிங் அயர்ன் என்று குடித்தனம் ஓடியது. பட்டன் சந்தில் திரவம் இறங்காமல் இருக்க சைக்கிள் ட்யூபில் குட்டி வட்டம் வெட்டி உள்ளே வைத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மாசம் ஒரு தரம் துடைப்பேன். அந்த ரெண்டாவது சுவிட்ச் ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்தது. ரெண்டு ரூபாய்ச் சாமானேதான், கொஞ்சம் மரியாதையாக உட்கார வைத்ததால். இதைத் தயாரிக்கிற இடத்திலேயே செய்திருக்கலாம் இல்லையா? சைக்கிள் ட்யூப் என்ன விலை?

நிகோடின் அளவை 18 மில்லிகிராமிலிருந்து 12, 6 என்று இறக்கிக்கொண்டே வந்தேன். 2019 செப்டம்பரில் தடை அறிவிப்பு டிவியில் ஓடியபோது குப்பியில் இருந்தது 3 மில்லிகிராம். தங்கமணி டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இனிமே என்ன பண்ணுவீங்க?" மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் சீட்டில்லாமலே கிடைக்கும், அதை வாங்கினேன். வாயில் போட்டு ரெண்டு கடி கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டியது. பேட்டரி இல்லை, பட்டன் இல்லை. அந்த அட்டைத் தகரத்தைக் கிழிப்பதுதான் கொஞ்சம் பாடு, நகம் போய்விடும், ஆனால் கிழித்தால் மாத்திரை கட்டாயம் வெளியே வரும். மூணு மாசம் மென்றேன், அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை. பேனாக்களைப் பேட்டரியோடு ஈ-வேஸ்ட் எடுக்கிறவரிடம் கொடுத்தாயிற்று.

சுவிட்ச்சுகளைக் கொடுக்கவில்லை. பத்தில் மூணு பேனாவுக்குப் போனது. அதற்கப்புறம் ரெண்டு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, பழைய ஹார்லிக்ஸ் மூடியில் ஒட்டிவைத்து ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஒன்று கம்ப்யூட்டர் மானிட்டரின் பவர் பட்டனுக்கு, ரெண்டு செட்-டாப் பாக்ஸுக்கு, ஒன்று பையனின் மேஜை விளக்குக்கு. மீதி மூணு இருக்கு. முந்தாநாளிலிருந்து வாஷிங் மெஷினில் ஸ்டார்ட் பட்டன் டிக் டிக் என்று சத்தம் மட்டும் போடுகிறது, ஓட மாட்டேன் என்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் முழு போர்டையும் மாற்றணும், நாலாயிரம் ஆகும் என்கிறான். உள்ளேயிருந்து குரல் வருகிறது, "ஏங்க, அந்த ஹார்லிக்ஸ் மூடியை எங்க வச்சீங்க?"